ரேம் வாங்கப் போகுமுன் சிப்பை எண்ணுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களிலும் தாமான்களிலும் (குடியிருப்புகளிலும்) இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற மேசைக் கணினிகளில் பல, கைமாறி வந்தவை. கிராணி ஆபீஸ் கழித்துவிட்ட ஹெச்பி, 2020 முழு அடைப்பின்போது பிள்ளைகளின் டெலிமா இணைய வகுப்புக்காக அவசரத்தில் வாங்கிய பழைய டெல், கோயில் கமிட்டி கணக்கு எழுதும் லெனோவோ. பெட்டி இரும்பு மாதிரி உழைக்கும். ஆனால் உள்ளே ரேம், அதாவது திறந்த வேலைகளைக் கணினி தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் நினைவகம், 4 ஜிபிதான் இருக்கும். குரோமில் ஆறு டேப், பக்கத்தில் ஒரு வேர்ட் ஃபைல் என்று திறந்தால் போதும், ஹார்ட் டிஸ்க் விளக்கு அணையாமல் எரிய ஆரம்பித்துவிடும்.

இந்த நிலையில் பலரும் கடைக்குப் போய் “டிடிஆர்3, 8 ஜிபி” என்று ரேமின் தலைமுறையையும் அளவையும் மட்டும் கேட்டு வாங்கி வந்துவிடுகிறார்கள். அந்த ஒரே பெயரில், அதே நீளத்தில், அதே பச்சை நிறத்தில் குறைந்தது ஐந்து வகை ஸ்டிக்குகள் (ரேம் பலகைகள்) சந்தையில் சுற்றுகின்றன. அவற்றில் உங்கள் பெட்டி ஏற்பது ஒன்றோ இரண்டோதான். தப்பாக வாங்கிவிட்டால் மாற்றுவதற்கு ஈப்போ போய் வர 60 கிலோமீட்டர். ஆன்லைனில் வாங்கியிருந்தால் திருப்பி அனுப்ப ஒரு வாரம். ஆகவே காசு கொடுக்குமுன் பத்து நிமிடம் செலவழித்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

அதற்கும் முன்னால், வியாதி ரேம்தானா என்று பார்த்துவிடுவது நல்லது. வழக்கமாகச் செய்யும் வேலைகளையெல்லாம் திறந்து வைத்துக்கொண்டு கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைப் பாருங்கள். 85 விழுக்காட்டுக்கு மேலேயே நின்றுகொண்டிருந்தால் ரேம் பற்றவில்லை என்று அர்த்தம். மெமரி 60-இல் இருக்க, டிஸ்க் மட்டும் 100-இல் முட்டிக்கொண்டு நிற்கிறதா? அப்படியென்றால் முதலில் வாங்க வேண்டியது எஸ்எஸ்டி, அதாவது சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க். சுழலும் ஹார்ட் டிஸ்க்கை வைத்துக்கொண்டு 16 ஜிபி போட்டாலும் பெட்டி திறக்க மூன்று நிமிடம் எடுக்கத்தான் செய்யும். இரண்டில் ஒன்றுக்குத்தான் வெள்ளி இருக்கிறது என்றால், 4 ஜிபி உள்ளவருக்குக்கூட நான் 240 ஜிபி எஸ்எஸ்டியைத்தான் முதலில் சொல்வேன்.

அதே மெமரி பக்கத்தில் எத்தனை ஸ்லாட் (ஸ்டிக்கைச் செருகும் இடம்) இருக்கிறது, எத்தனை நிரம்பியிருக்கிறது, என்ன வேகம் என்பதும் தெரியும். விண்டோஸ் 32-பிட் என்று சிஸ்டம் பக்கத்தில் போட்டிருந்தால் ரேம் வாங்குவதை நிறுத்திவையுங்கள். அது 4 ஜிபிக்கு மேல் எதையும் பயன்படுத்தாது, அதிலும் கைக்குக் கிடைப்பது மூன்றேகால், மூன்றரைதான். முதலில் 64-பிட் ஏற்ற வேண்டும்.

எந்தத் தலைமுறை

டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்கும் அடி விளிம்பில் 240 தங்கநிறக் கால்கள், இரண்டும் 13 சென்டிமீட்டர் சொச்சம் நீளம். வித்தியாசம் அடியில் இருக்கும் வெட்டில்: டிடிஆர்2-வில் கிட்டத்தட்ட நடுவில், டிடிஆர்3-இல் ஒரு பக்கமாக நன்றாகத் தள்ளி. டிடிஆர்4-க்கு 288 கால்கள், அடி விளிம்பு நடுவில் லேசாகப் புடைத்திருக்கும். ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது உட்காராது. உட்காரவில்லை என்றால் அழுத்தாதீர்கள். ஸ்லாட்டின் பிளாஸ்டிக் உடைந்தால் எல்லாப் பாகமும் மாட்டியிருக்கும் மதர்போர்டையே மாற்ற வேண்டியதுதான்.

பெரிய பெட்டி என்பதால் பெரிய ஸ்டிக்தான் என்றும் எண்ண வேண்டாம். டைனி, மைக்ரோ, மினி என்ற பெயரில் வரும் புத்தக அளவுப் பெட்டிகளிலும் ஆல்-இன்-ஒன் கணினிகளிலும் போவது மடிக்கணினியின் குட்டை ஸ்டிக்தான். அது ஏழு சென்டிமீட்டருக்கும் குறைவு.

மதர்போர்டின் சிப்செட், அதாவது அதன் பாகங்களை இணைக்கும் முக்கியச் சிப், என்ன பெயர் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. போர்டின் மேலேயே பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கும். இல்லாவிட்டால் சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் மெயின்போர்டு பக்கத்தில் பார்க்கலாம். ஜி31 என்றால் டிடிஆர்2, மொத்தமே 4 ஜிபிதான். அதில் இனிக் காசு போடுவது வீண். ஜி41 என்றால் 8 ஜிபி வரை. சில ஜி41 போர்டுகளில் இரண்டு டிடிஆர்2 ஸ்லாட்டும் இரண்டு டிடிஆர்3 ஸ்லாட்டும் சேர்ந்தே இருக்கும், ஆனால் ஒரு சோடியைத்தான் பயன்படுத்த முடியும். எச்61, எச்81 இரண்டும் இரண்டு ஸ்லாட், 16 ஜிபி. கியூ67, கியூ77, கியூ87 போட்ட ஆபீஸ் பெட்டிகளில், அதாவது ஹெச்பி 8200 எலைட், டெல் ஆப்டிபிளெக்ஸ் 7010, 9020 போன்றவற்றில், நான்கு ஸ்லாட் இருக்கும் மாடல் என்றால் 32 ஜிபி வரை ஏறும்.

சிப் கணக்கு

மற்றதெல்லாம் சரியாக இருந்தும் திரை கறுப்பாக நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். கடைக்காரர்களிலேயே பலர் இதைக் கவனிப்பதில்லை.

ஒரு ஸ்டிக்கின் கொள்ளளவு அதன் மேல் ஒட்டியிருக்கும் கறுப்புச் சிப்புகளின் கூட்டுத்தொகை. 8 ஜிகாபிட் சேர்ந்தது 1 ஜிபி; ஒரு சிப்பில் 2 ஜிகாபிட் இருந்தால் எட்டு சிப் சேர்ந்து 2 ஜிபி, பதினாறு சேர்ந்து 4 ஜிபி. சிப்பே 4 ஜிகாபிட் என்றால் எட்டே சிப்பில் 4 ஜிபி வந்துவிடும். கணினிக்கு 4 ஜிபி 4 ஜிபிதானே என்று நமக்குத் தோன்றும். ஆனால் ரேமை நிர்வகிக்கும் மெமரி கண்ட்ரோலர், சிப் ஒவ்வொன்றின் உள்ளேயும் எந்த வரிசை, எந்தப் பத்தி என்று முகவரி போட்டுத் தேடுகிறது. அது வடிவமைக்கப்பட்ட காலத்தில் இல்லாத பெரிய சிப்பின் முகவரி அதற்குத் தெரியாது. ஒன்று பெட்டி ஏறவே ஏறாது, அல்லது பாதியைத்தான் காட்டும்.

ஜி41 அறிந்தது 2 ஜிகாபிட் சிப் வரை. எனவே அதில் போடும் 4 ஜிபி டிடிஆர்3 ஸ்டிக்கில் பக்கத்துக்கு எட்டாக 16 சிப் இருக்க வேண்டும். இப்போது கிடைக்கிற 4 ஜிபி ஸ்டிக்குகளில் நிறைய ஒரே பக்கம் எட்டு சிப் உள்ளவை. ஜி41-க்கு அவை ஆகாது. இன்டெல் சிபியுக்களின் இரண்டாம் தலைமுறை முதல் நான்காம் தலைமுறை வரை, அதாவது எச்61 முதல் எச்81, கியூ87 வரை, அறிந்தது 4 ஜிகாபிட் சிப். அங்கே 4 ஜிபி எட்டு சிப்பிலும் ஓடும், பதினாறிலும் ஓடும். ஆனால் 8 ஜிபி ஸ்டிக் என்றால் 16 சிப் கட்டாயம். எட்டே சிப்பில் 8 ஜிபி என்று யாராவது டிடிஆர்3 நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். ஒரே ஸ்டிக்கில் 16 ஜிபி டிடிஆர்3 என்பதும் அப்படித்தான்.

சிப்பை எண்ண முடியாதபடி அலுமினியத் தகடு மூடியிருந்தால் ஸ்டிக்கரைப் படியுங்கள். ஒரு சாம்சங் ஸ்டிக்கர் இப்படி இருக்கும்: 4ஜிபி 2ஆர்எக்ஸ்8 பிசி3-12800யு-11-11-பி1. இதில் 2ஆர்எக்ஸ்8 என்பதுதான் சிப் கணக்கு: இரண்டு வரிசை, ஒவ்வொன்றிலும் 8 பிட் அகலச் சிப் எட்டு, ஆக 16. அதுவே 1ஆர்எக்ஸ்8 என்றால் ஒரே வரிசை, எட்டு சிப். பிசி3 என்பது டிடிஆர்3, 1.5 வோல்ட், பிசி3எல் என்றிருந்தால் 1.35 வோல்ட்டிலும் ஓடும். 12800-ஐ எட்டால் வகுத்தால் 1600, அதுதான் வேகம். 10600 என்றால் 1333. அதை ஒட்டி வரும் ‘யு’ என்ற ஓர் எழுத்தைத் தவறவிடாதீர்கள்: சாதாரண மேசைக் கணினி ரேம். அந்த இடத்தில் ‘ஆர்’ இருந்தால் சர்வர் ரேம், ‘எஸ்’ இருந்தால் மடிக்கணினி ரேம். அடுத்த 11 என்பது தாமதக் கணக்கு. கடைசியில் வரும் பி1-இல் ‘பி’ என்பது பலகை வடிவம். 2ஆர்எக்ஸ்8-க்குப் பி, 1ஆர்எக்ஸ்8-க்கு ஏ. இரண்டும் ஒத்துப்போகாமல் இருந்தால் ஸ்டிக்கரை யாரோ மாற்றி ஒட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

கிங்ஸ்டன் இந்த வரிசையில் எழுதுவதில்லை. கேவிஆர்16என்11/8 என்றிருக்கும்: 16 என்றால் 1600, ‘என்’ என்றால் சாதாரண வகை, 11 தாமதம், 8 என்பது ஜிபி. ‘என்’னுக்கு முன்னால் ‘எல்’ வந்தால் குறைந்த வோல்ட். ‘என்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஆர்’ இருந்தால் சர்வர் வகை. சாம்சங்கின் பாகஎண்ணை மட்டும் படமெடுத்துப் போடுகிற விற்பனையாளரிடம் எம்378 என்று தொடங்குகிறதா என்று பாருங்கள். எம்393 சர்வருடையது, எம்471 மடிக்கணினியுடையது.

சர்வர் ரேமைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. சர்வர்களைக் கழிக்கும்போது கழற்றிய ரேம் சந்தையில் மலிவாகக் கொட்டிக் கிடக்கிறது. வெட்டு அதே இடத்தில் இருப்பதால் உங்கள் ஸ்லாட்டில் அழகாக உட்காரும். ஆனால் ஓடாது. பக்கத்துக்கு எட்டுக்குப் பதில் ஒன்பது சிப், நடுவில் தனியாக ஒரு சின்னச் சிப் என்று கண்டால் அதுதான்.

இன்னொரு பொறி, “ஏஎம்டிக்கு மட்டும்” என்று பொடி எழுத்தில் போட்டு விற்கும் ஸ்டிக். இது சிப் எண்ணிக்கையில் சிக்காது, இதிலும் 16 சிப்தான். ஆனால் ஒவ்வொன்றும் 8 பிட்டுக்குப் பதில் 4 பிட் அகலம். இன்டெல் மேசைக் கணினி கண்ட்ரோலர்கள் அந்த அகலத்தை ஏற்பதில்லை. ஏஎம்டி சிபியு போடும் ஏஎம்3 சாக்கெட் போர்டு வைத்திருப்பவர் தாராளமாக வாங்கலாம், விலையும் குறைவு. மற்றவர்கள் விளம்பரத்தின் கடைசி வரி வரை படித்துவிட்டு வாங்குங்கள். டிடிஆர்2-வில் 4 ஜிபி ஒற்றை ஸ்டிக் என்று மலிவாகக் கண்ணில் படுவது பெரும்பாலும் இந்த வகைதான்.

கடையில் கேட்கும்போது முழுசாகக் கேளுங்கள்: “அண்ணே, டெஸ்க்டாப்புக்கு டிடிஆர்3 எட்டு ஜிபி, ரெண்டு பக்கமும் சிப் இருக்கணும், சர்வர் ரேம் வேணாம். ஓடலன்னா மாத்தித் தருவீங்களா?” பழைய ஸ்டிக்கின் ஸ்டிக்கரைக் கைப்பேசியில் படமெடுத்துக் கொண்டுபோனால் இன்னும் நல்லது.

வேகத்தைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். இரண்டாம் தலைமுறை ஐ3, ஐ5 1333-க்கு மேல் போகாது. 1600 போட்டால் 1333-இல் ஓடும், அவ்வளவுதான். மூன்று, நான்காம் தலைமுறைக்கு 1600. கண்ணைப் பறிக்கும் சிவப்புத் தகடு போட்ட 2133-க்குக் கூடுதல் காசு கொடுப்பதில் பயனில்லை. வெவ்வேறு வேகம் கலந்தால் எல்லாம் மெதுவானதோடு சேர்ந்து நடக்கும். 1.35 வோல்ட் ஸ்டிக் 1.5-லும் ஓடும்படி செய்யப்பட்டது, ஆகவே பழைய மேசைக் கணினியில் போடலாம். எதிர்த்திசைதான் ஆபத்து: ஆறாம் தலைமுறை சிபியுவோடு டிடிஆர்3எல் ஸ்லாட் வைத்த சில எச்110 போர்டுகள் உண்டு, அவற்றில் 1.5 வோல்ட் ஸ்டிக் போட்டால் ஓடுவது போல ஓடி, நாளடைவில் சிபியுவின் கண்ட்ரோலரைக் கெடுக்கக்கூடும்.

டிடிஆர்4 போர்டு வைத்திருப்பவர்களுக்குத் தலைவலி குறைவு. 8 ஜிபிக்கு எட்டு சிப் உள்ள 1ஆர்எக்ஸ்8 கேளுங்கள். நாலே சிப்போடு வரும் 1ஆர்எக்ஸ்16 மெதுவானது, ஆறு, ஏழாம் தலைமுறைப் பெட்டிகளில் தகராறும் செய்யலாம்.

எவ்வளவு போடலாம்? வீட்டுக்கும் ஆபீசுக்கும் 8 ஜிபி போதும், படம் வீடியோ வேலை இருந்தால் 16. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 11 இந்தத் தலைமுறைப் பெட்டிகளை அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. 32 ஜிபி போட்டு இதைப் பத்து வருடம் ஓட்டலாம் என்ற கணக்கு தப்பு. லினக்ஸ் மின்ட் போடுகிறவருக்கு 8 ஜிபி தாராளம்.

தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத பெட்டியில் ஒரே 8-ஐ விட இரண்டு 4 நல்லது. திரைக்கும் அதே ரேம்தான் வேலை செய்கிறது; சோடியாகப் போட்டால் இரண்டு வழியிலும் தரவு ஓடும். 4-உம் 8-உம் கலந்து போட்டாலும் இன்டெல்லில் பெரும்பகுதி சோடியாகவே ஓடும், பயப்பட வேண்டாம். நான்கு ஸ்லாட் போர்டில் பெரும்பாலும் ஒரே நிற ஸ்லாட்டுகள் ஒரு சோடி.

மாட்டும்போது

விண்டோஸை ஷட் டவுன் செய்து, சுவர் சுவிட்சை அணைத்து, வயரையும் பிடுங்குங்கள். பிறகு பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் மிச்ச மின்சாரம் இறங்கிவிடும். செம்பனை ஆலைக்குப் பக்கத்து லயங்களிலும், தினமும் சாம்பிராணி போடும் வீடுகளிலும், பெட்டிக்குள் தூசி பஞ்சு மாதிரி இருக்காது. பிசுபிசுப்பான கரியாக ஒட்டியிருக்கும். ரேமை எடுப்பதற்கு முன்பே உலர்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் அதைத் தட்டிவிடுங்கள். எடுத்த பிறகு தட்டினால் எல்லாம் ஸ்லாட்டுக்குள் விழும். எறும்பு, பல்லி முட்டை இருந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம்.

பெட்டியின் பெயின்ட் அடிக்காத இரும்பைத் தொட்டுவிட்டு, ஸ்லாட்டின் இரண்டு ஓரக் கிளிப்பையும் வெளியே தள்ளினால் பழைய ஸ்டிக் எழும்பி வரும். சில போர்டுகளில் ஒரு பக்கம் மட்டும்தான் கிளிப். புதியதை விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள், தங்கநிறக் கால்களில் விரல் படக்கூடாது. வெட்டைச் சரிபார்த்து இரண்டு கட்டைவிரலாலும் இரு முனையையும் நேராக அழுத்துங்கள். கிளிப் தானாக மூடி ‘டக்’ என்று கேட்க வேண்டும். ஒரு முனை மட்டும் உட்கார்ந்து மறுமுனை அரை மில்லிமீட்டர் தூக்கி நிற்பதுதான் புது ரேம் ஓடவில்லை என்று வரும் புகார்களில் முதல் காரணம்.

முதல் முறை புது ஸ்டிக்கை மட்டும் தனியாகப் போட்டு ஏற்றுங்கள், பிறகு பழையதைச் சேருங்கள். அரை நிமிடம் திரை கறுப்பாக இருந்து ஒருமுறை தானே அணைந்து ஏறினால் பொறுத்துக்கொள்ளுங்கள். டெல் பெட்டி மெமரி அளவு மாறிவிட்டது என்று ஒரு செய்தி காட்டி நிற்கும். அது பிழையல்ல, திரையில் சொல்லும் விசையை அழுத்தினால் போய்விடும்.

காற்றாடி சுற்றுகிறது, திரை இல்லை, பீப் அடிக்கிறது என்றால் எண்ணுங்கள். ஹெச்பி ஆபீஸ் பெட்டிகளில் சிவப்பு விளக்கு ஐந்து முறை மின்னி ஐந்து பீப் அடித்தால் மெமரிக் கோளாறு. பழைய ஆப்டிபிளெக்ஸில் இரண்டு பீப் ரேமே தெரியவில்லை என்பதற்கு, நான்கு பீப் ரேம் தெரிகிறது ஆனால் எழுதிப் படிக்க முடியவில்லை என்பதற்கு. நம் ஊர் ஈரப்பதத்தில் கால்கள் மங்கிப்போவது சகஜம். வெள்ளை அழிப்பானால் மெதுவாக, ஸ்லாட்டுக்குத் தள்ளிவைத்துத் தேய்த்து, துகளைத் துடைத்துவிட்டுப் போடுங்கள். தின்னர், தேங்காயெண்ணெய் எதுவும் கூடாது. அதற்கும் ஏறாவிட்டால் ஸ்லாட்டை மாற்றிப் பாருங்கள். அடுத்தது போர்டின் காசு பேட்டரி. வயர் பிடுங்கிய நிலையில் ஐந்து நிமிடம் கழற்றி வைத்தால் பயாஸ், அதாவது பெட்டி ஏறும்போது முதலில் ஓடும் போர்டின் மென்பொருள், பழைய அமைப்பை மறந்துவிடும். பத்து வருடப் பெட்டி என்றால் அந்த சிஆர்2032-ஐ மாற்றியே விடலாம்.

ஸ்டிக் நல்லது, ஸ்லாட் மட்டும் எதையும் ஏற்கவில்லை, அந்தப் பக்கச் சோடி முழுவதும் காணவில்லை என்றால் சிபியு சாக்கெட்டைச் சந்தேகியுங்கள். ஒரு ஊசி வளைந்திருந்தாலோ, கூலரின் ஒரு திருகு அதிகமாக இறுகியிருந்தாலோ ஒரு மெமரிப் பாதையே அற்றுப்போகும். இரண்டு ஸ்டிக்கையும் பயாஸ் காட்டுகிறது, விண்டோஸ் மட்டும் பாதி எடுக்கிறது என்றால் எம்எஸ்கான்ஃபிக் திறந்து பூட் பக்கத்தின் அட்வான்ஸ்டு ஆப்ஷனில் மேக்ஸிமம் மெமரி டிக் ஆகியிருக்கிறதா பாருங்கள். முன்பு யாராவது ‘வேகப்படுத்துகிறேன்’ என்று தட்டிவிட்டிருப்பார்கள்.

ஏறிவிட்டது என்பதால் ரேம் நல்லது என்று ஆகிவிடாது. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஒரு பென்டிரைவில் ஏற்றி இரவு முழுக்க ஓடவிடுங்கள், இலவசப் பதிப்பு நான்கு சுற்று ஓடும். இடி மின்னல் இல்லாத இரவாகப் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் ஒரே ஒரு பிழை சிவப்பாகத் தெரிந்தாலும் அந்த ஸ்டிக் திரும்பிப் போக வேண்டியது. ஆன்லைன் வாங்குதலில் சாமான் கிடைத்தது என்ற பட்டனை இதற்கு முன் தட்டாதீர்கள். இரண்டு ஸ்டிக் இருந்தால் தனித்தனியாக ஓட்டினால்தான் எது கெட்டது என்று தெரியும்.

கழற்றிய பழைய ஸ்டிக்கை, புதியது வந்த பிளாஸ்டிக் கூட்டிலேயே போட்டு, மார்க்கரால் ‘நல்லது’ என்று எழுதி பெட்டியின் உள்பக்கத்தில் டேப் போட்டு ஒட்டிவையுங்கள். காற்றாடியிலும் கூலரிலும் படாத இடமாக. அடுத்த முறை பீப் அடிக்கும்போது, கெட்டது புது ரேமா போர்டா என்று கண்டுபிடிக்க அது வேண்டும்.